தண்ணீர் கலந்ததா, கலவாததா?

வாசகர் கேள்வி பதில்: வீட்டில் செய்யும் சருமப் பூச்சுகள்

திருகோணமலை மாவட்டத்திலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, கிறீம், சவர்க்காரம், எண்ணெய் போன்றவற்றை வீட்டிலேயே செய்துகொள்வது பற்றியும், கடையில் வாங்குபவற்றின் சிட்டையில் எழுதியிருக்கும் பெயர்களை எப்படி விளங்கிக்கொள்வது என்பது பற்றியுமே கேட்டிருந்தன. ஒரே விடயத்தைக் கேட்டவர்களின் கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நீண்ட கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

வீட்டு முற்றத்துக் கற்றாழையின் சோற்றை எடுத்து, தேங்காய் எண்ணெயும் விற்றமின் ஈ குளிசைக்குள் இருக்கும் எண்ணெயும் சேர்த்து அடித்துக் கிறீம் செய்தேன். முதல் வாரம் நன்றாக இருந்தது. பிறகு எண்ணெய் மேலே பிரிந்துவிட்டது. மூடியின் உட்புறத்தில் கரும்புள்ளிகளும் வந்துவிட்டன. விற்றமின் ஈ சேர்த்தால் பழுதாகாது என்று சொன்னார்களே?
— வாசகி, உப்புவெளி

உங்கள் கிறீமுக்கு இரண்டு வெவ்வேறு கோளாறுகள் நேர்ந்திருக்கின்றன. ஒன்றைத் தீர்க்கும் வழி மற்றதைத் தீர்க்காது. எண்ணெய் பிரிந்ததற்குக் காரணம் குழம்பாக்கி இல்லாமை. எண்ணெயையும் நீரையும் எவ்வளவு நேரம் அடித்தாலும் அவை சற்று நேரம் கலந்து நின்றுவிட்டுப் பிரிந்துவிடும். ஒரு முனையால் நீரையும் மறுமுனையால் எண்ணெயையும் பற்றிக்கொள்ளும் மூலக்கூறுகளைக் கொண்ட பொருள் ஒன்று இருந்தால்தான் அவை சேர்ந்திருக்கும். கற்றாழைச் சோற்றின் வழவழப்பு கலவையைத் தடிப்பாக்குவதால் சில நாட்களுக்கு எல்லாம் சரிபோலத் தோன்றும். பலர் நம்புவதுபோலத் தேன்மெழுகும் தனியே குழம்பாக்கியாக வேலை செய்வதில்லை.

கரும்புள்ளிகள் பூஞ்சணம். விற்றமின் ஈ செய்யும் வேலை எண்ணெய் காற்றுடன் சேர்ந்து ஒட்சியேறிச் சிக்கு மணம் அடிப்பதைத் தாமதப்படுத்துவது மட்டுமே. பற்றீரியாவையும் பங்கசையும் அது ஒன்றும் செய்யாது. கற்றாழைச் சோற்றில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் நீர்தான். எஞ்சியதில் வெல்லச் சத்துகளும் உண்டு. அதைச் சூடான ஊரொன்றில் ஒரு போத்தலில் அடைத்து வைத்தால் நுண்ணுயிர்களுக்கு வேறென்ன வேண்டும்? பூஞ்சணத்தையாவது கண்ணால் காணலாம். பற்றீரியாக்களோ நிறமோ மணமோ மாறுவதற்கு முன்பே இலட்சக்கணக்கில் பெருகிவிடக்கூடியவை. கண்ணருகில் பூசும் கிறீமில் சூடோமொனாசு போன்ற பற்றீரியா ஒன்று வளர்ந்தால் அது கண்ணையே பாதிக்கலாம். ஆகவே பூஞ்சணத்தை மேலே வழித்து எறிந்துவிட்டு மீதியைப் பாவிக்கலாமா என்று நினைக்காமல் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

வீட்டில் எதைச் செய்யும்போதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அதில் நீர் இருக்கிறதா என்பது. கற்றாழை, பன்னீர், பால், தயிர், தேநீர்ச் சாயம், வெள்ளரிச் சாறு யாவும் இந்தக் கணக்கில் நீரே. நீர் இருந்தால் இரண்டே வழிகள்தான் உள்ளன. ஒன்று, அன்றன்றைக்குத் தேவையான அளவை மாத்திரம் கலந்து பூசிவிட்டு மீதியை எறிவது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் நம்ப வேண்டாம். மற்றது, நுண்ணுயிர் வளராமல் தடுக்கும் முறையான நற்காப்புப் பொருள் சேர்த்துச் செய்வது.

இரண்டாம் வழியை விரும்புபவர்களுக்கு 100 கிராம் கிறீமுக்கான எளிய அளவு ஒன்றைத் தருகிறேன்: காய்ச்சி வடித்த நீர் 71 கிராம், கிளிசரின் 4 கிராம், நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய் 16 கிராம், குழம்பாக்கும் மெழுகு 6 கிராம், சீற்றைல் அல்ககோல் 2 கிராம், பீனொக்சிஎதனோலும் எதைல்ஹெக்சைல்கிளிசரினும் சேர்ந்த நற்காப்புக் கலவை 1 கிராம். நீரையும் கிளிசரினையும் ஒரு பாத்திரத்திலும், எண்ணெயையும் மெழுகு வகைகளையும் இன்னொன்றிலும் இட்டு, இரண்டையும் கொதிநீர்ச் சட்டியில் வைத்து 70 முதல் 75 பாகை செல்சியசு வரை சூடாக்க வேண்டும். இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும்போது ஒன்றுக்குள் மற்றதை ஊற்றி, கலவை வெண்மையாகித் தடிக்கும் வரை அடித்து, 40 பாகைக்குக் கீழ் ஆறிய பின்னரே நற்காப்புப் பொருளைச் சேர்க்க வேண்டும்.

இதில் எதையும் கரண்டியால் அளக்காதீர்கள். பீனொக்சிஎதனோலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்துள்ள உச்ச அளவு நூற்றுக்கு 1 பங்கு. ஒரு தேக்கரண்டி என்று ஊற்றினால் 100 கிராம் கிறீமில் அது ஏறத்தாழ ஐந்து பங்காகிவிடும். கிராமின் பத்தில் ஒரு பங்கையாவது காட்டும் இலத்திரனியல் தராசு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். நீர் விடயத்திலும் கவனம் வேண்டும். கடற்கரையோரக் கிணறுகளின் உவர்நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகுமே தவிர உப்புகள் போகா. நீர் ஆவியாவதால் அவற்றின் செறிவு கூடவே செய்யும். அந்த உப்புகள் குழம்பைப் பிரியச் செய்யலாம். வாகன பற்றரிக்கு ஊற்றும் நீரை வாங்குவோரும் உண்டு. அது தோலில் பூசுவதற்கென்று தயாரிக்கப்படுவது அல்ல. பாமசியில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீரே நல்லது. விரலை விட்டு எடுக்கும் அகன்ற வாய்ப் போத்தலைவிட, அமுக்கி எடுக்கும் போத்தலில் கிறீம் அதிக நாள் சுத்தமாக இருக்கும்.

செவ்வரத்தம் பூ, கறிவேப்பிலை, வெந்தயம் போட்டுத் தேங்காய் எண்ணெய் காய்ச்சுவது எங்கள் வீட்டு வழக்கம். அம்மம்மா காய்ச்சியது வருடக்கணக்கில் இருந்தது. நான் காய்ச்சியது ஒரு மாதத்தில் புளித்த மணம் அடிக்கிறது. எண்ணெயில் கலப்படமா?
— வாசகி, மூதூர்

எண்ணெயைக் குறை சொல்வதற்கு முன் உங்கள் பக்குவத்தைப் பாருங்கள். பச்சை இலையிலும் பூவிலும் உள்ள நீர் முழுவதும் போகும் முன்னரே நீங்கள் அடுப்பை அணைத்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் தைலம் காய்ச்சும்போது அடியில் படியும் வண்டலைச் சிறிது எடுத்து, விரல்களுக்கிடையில் திரியாக உருட்டித் தீயில் காட்டுவார்கள். சடசடவென்று வெடித்தால் நீர் இன்னும் இருக்கிறது என்று பொருள். சத்தமின்றி எரிந்தால் இறக்கலாம். மேலே எழும் குமிழிகள் அடங்குவதும் அதே செய்தியைத்தான் சொல்கிறது. உங்கள் அம்மம்மாவின் கையில் இருந்தது இந்தப் பக்குவமாகவே இருந்திருக்கும். நீர் அறவே இல்லாத எண்ணெயில் நுண்ணுயிர் வளராது. பிறகு அதை ஈரக் கையால் தொடாமல், நன்றாக உலர்ந்த போத்தலில் ஊற்றி வைக்க வேண்டியதுதான்.

பச்சை இலைகளை எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து ஊறவிடும் முறையை இப்போது பலரும் பின்பற்றுகிறார்கள். இலையை நிழலில் சருகாக உலர்த்திய பின் செய்தால் தவறில்லை. பச்சையாகப் போட்டால் நீரும் உள்ளே போய்விடும்.

நம்முடைய பழைய சரும வழக்கங்களை எண்ணிப் பார்த்தால் ஒன்று தெரியும். சேமித்து வைக்கப்பட்டவை யாவும் எண்ணெயாகவோ உலர்ந்த மாவாகவோ இருந்தன. பயற்றம் மா, கஸ்தூரி மஞ்சள், உலர்ந்த ஆவாரம் பூத்தூள் ஆகியவை தகரத்தில் இருந்தன. குளிக்கப் போகும் நேரத்தில் உள்ளங்கையில் நீர் விட்டுக் குழைத்துப் பூசி, அப்போதே கழுவிவிட்டார்கள். நற்காப்புப் பொருள் தேவைப்படாத முறை அது. குறையுள்ளது நாம் அதே மாவைப் பாலில் குழைத்துப் போத்தலில் அடைக்க நினைப்பதில்தான்.

முகத்தில் உள்ள கருமை போகத் தேசிக்காய்ச் சாறும் அப்பச்சோடாவும் கலந்து பூசுகிறேன். பூசும்போது எரிகிறது. எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தமா?
— வாசகி, பாலையூற்று

எரிந்தால் தோல் புண்படுகிறது என்றே அர்த்தம். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு சற்று அமிலத் தன்மை உடையது, அதன் பி.எச். பெறுமானம் ஏறத்தாழ 5. தேசிக்காய்ச் சாற்றின் பெறுமானம் ஏறத்தாழ 2. இந்த அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால், தேசிக்காய்ச் சாறு உங்கள் தோலைவிட ஆயிரம் மடங்கு அமிலமானது. அப்பச்சோடாக் கரைசலோ 8ஐத் தாண்டிக் காரப் பக்கத்தில் நிற்கிறது. இரண்டையும் சேர்த்தால் நுரைத்துப் பொங்கி ஒன்றையொன்று தணித்துக்கொள்ளும்; எது எவ்வளவு எஞ்சும் என்பதை உங்கள் அடுப்படியில் யாராலும் சொல்ல முடியாது.

இதைவிடப் பெரிய ஆபத்து வெயில். தேசிக்காயில், குறிப்பாக அதன் தோலில், பியூரனோகூமரின் என்னும் பொருட்கள் இருக்கின்றன. அவை படிந்த இடத்தில் சூரியனின் ஊதாக் கடந்த கதிர்கள் பட்டால் ஓரிரு நாட்களில் சிவந்து, சில வேளைகளில் கொப்புளித்து, பின்னர் கபில நிறத் தழும்பாக வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ நிற்கும். கருமையைப் போக்கப் பூசியது புதிய கருமையைத் தரும். திருகோணமலை வெயிலில் இதைச் செய்துபார்க்காதீர்கள். விற்றமின் சி வேண்டுமானால் அதற்கென்று செய்த திரவங்கள் கடையில் உண்டு. அவையுங்கூட ஒளியும் காற்றும் பட்டால் மஞ்சளாகிப் பலனிழந்துவிடுபவை. ஆகவே அதை வீட்டில் கரைத்து வைப்பதில் பயனில்லை.

‘பரபென் அற்றது’, ‘இரசாயனம் இல்லாதது’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குகிறேன். பின்புறத்தில் உள்ள நீண்ட பெயர்ப் பட்டியலை எப்படி வாசிப்பது?
— ஆசிரியை, உவர்மலை

முன்புறத்தை விட்டுவிட்டுப் பின்புறத்தை வாசிக்கத் தொடங்கியதே பாதி வெற்றி. அந்தப் பட்டியல் பெரும்பாலும் சர்வதேசப் பெயரிடல் முறையில் எழுதப்படுகிறது. அதனால் நீர் ‘அக்குவா’ என்றும், தேங்காய் எண்ணெய் ‘கோக்கோசு நியுசிபெரா’ என்றும், வாசனை ‘பார்ஃபம்’ என்றும் தோன்றும். எது அதிகமோ அது முதலில் வரும்; நூற்றுக்கு 1 பங்குக்குக் குறைந்தவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். ஆகவே அட்டையில் பெரிதாகச் சந்தனமும் குங்குமப்பூவும் வரைந்திருந்து, பட்டியலில் அவை பீனொக்சிஎதனோலுக்குப் பின்னால் வந்தால், அவற்றின் அளவு ஒரு பங்கிலும் குறைவு என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம். நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

பெயரைக் கண்டு பயப்படவும் வேண்டாம். ‘அல்ககோல்’ என்று முடிந்தாலும் சீற்றைல் அல்ககோல் தோலை உலர்த்தும் சாராயம் அல்ல. அது மெழுகு போன்ற, மென்மை தரும் பொருள். ‘இரசாயனம் இல்லாதது’ என்பதற்கோ பொருளே இல்லை, நீரும் இரசாயனப் பொருள்தான். இயற்கையானது என்பதும் பாதுகாப்புக்குச் சான்றாகாது. மரமுந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் கையில் பட்டவர்களைக் கேளுங்கள். அது முழுக்க இயற்கையானது, தோலைக் கொப்புளிக்க வைப்பது.

பரபென்களின் கதை சற்று வேடிக்கையானது. அவை நீண்ட காலம் பாவனையில் இருந்த, ஒவ்வாமை மிகக் குறைவாகவே ஏற்படுத்தும் நற்காப்புப் பொருட்கள். ஐரோப்பிய ஒன்றியம் அவற்றுள் சிலவற்றை 2014இல் தடைசெய்து, வேறு சிலவற்றின் அளவைக் குறைத்தது. மெதைல்பரபென் தனியே நூற்றுக்கு 0.4 பங்கு வரை இன்றும் அனுமதிக்கப்படுகிறது. மக்கள் அஞ்சத் தொடங்கியதும் பல தயாரிப்பாளர்கள் அவற்றைக் கைவிட்டு மெதைல்ஐசோதயசோலினோன் போன்றவற்றுக்கு மாறினார்கள். அதன் விளைவாக ஒவ்வாமைத் தோலழற்சி பெருகியதால், கழுவாமல் விடும் பூச்சுகளில் அதைச் சேர்ப்பதை ஐரோப்பா 2017இல் நிறுத்த வேண்டியதாயிற்று. 2019இல் அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கம் பரபென்களை ‘ஆண்டின் ஒவ்வாமையற்ற பொருள்’ என்று அறிவித்தது. எனவே ஒரு பொருளில் பரபென் இல்லை என்றால், அதற்குப் பதிலாக என்ன இருக்கிறது என்பதையும் தேடுங்கள். உங்களுக்கு அடிக்கடி தோல் அரிப்பு வருமானால் நான் முதலில் சந்தேகிப்பது வாசனைப் பொருளைத்தான்.

எதுவானாலும் முகத்தில் பூசுமுன் முன்னங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி இரண்டு நாட்கள் பொறுத்திருங்கள். வீட்டில் செய்தவற்றில் கறுவா எண்ணெய், கராம்பு எண்ணெய் சேர்ப்பவர்களுக்கு இது கட்டாயம். கறுவா நம் நாட்டின் பெருமைதான். ஆனால் அதன் எண்ணெய் ஒரு சில துளிகளிலேயே தோலைச் சிவக்கச் செய்துவிடும்.

கச்சான் காற்றுக் காலத்தில் உதடு வெடிப்பதால் தேன்மெழுகும் தேங்காய் எண்ணெயும் உருக்கிப் பூச்சு செய்தேன். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைத்தால் எண்ணெயாகிவிடுகிறது. நுவரெலியாவில் உள்ள தங்கைக்கு அனுப்பியதோ கல்லாக இருக்கிறதாம்.
— வாசகர், நிலாவெளி

இரண்டு ஊர்களுக்கும் ஒரே அளவு ஒத்துவராது. தேங்காய் எண்ணெய் உருகும் சூடு ஏறத்தாழ 24 பாகை. இங்கே அது எப்போதும் திரவமாகவும் அங்கே பெரும்பாலும் கட்டியாகவும் இருக்கும். தேன்மெழுகு உருகுவது 62 பாகைக்கு மேல். ஆகவே உங்களுக்கு எண்ணெய் மூன்று பங்குக்கு மெழுகு ஒரு பங்கு என்றும், தங்கைக்கு ஐந்துக்கு ஒன்று என்றும் எடுத்து, தேங்காய் எண்ணெயில் பாதியை நல்லெண்ணெயாக மாற்றிப் பாருங்கள். சூடாக இருக்கும்போதே ஒரு துளியைக் குளிர்ந்த தட்டில் விட்டால் அது எவ்வளவு இறுகும் என்பது உடனே தெரிந்துவிடும். இதில் நீர் இல்லாததால் நற்காப்புப் பொருள் தேவையில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் கிறீமை விட்டுவிட்டு இதிலிருந்தே தொடங்கலாம் என்பது என் கருத்து.

வறண்ட காற்றில் தனிக் கிளிசரினைப் பூசுபவர்கள் அதை நீர் கலந்து, ஈரம் காயாத தோலில் தடவி, மேலே சிறிது எண்ணெயையும் தடவ வேண்டும். ஈரப்பதன் இல்லாத காற்றில் கிளிசரின் தோலின் உள்ளிருந்தே நீரை இழுக்கும்.

எங்கள் கடற்கரையின் கறுப்பு மணலில் இருக்கும் தைட்டேனியம்தான் சன்ஸ்கிரீனில் போடப்படுகிறது என்று படித்தேன். அப்படியானால் அந்த மணலை அரைத்துத் தேங்காய் எண்ணெயில் கலந்து வெயிலுக்குப் பூசலாமா?
— உயர்தர மாணவர், புல்மோட்டை

அறிவு சரி, முடிவு தவறு. புல்மோட்டையின் கனிய மணலில் இல்மனைட்டும் உரூட்டைலும் சேர்கொனும் இருக்கின்றன. இல்மனைட் என்பது இரும்பும் தைட்டேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கறுப்புக் கனியம். அதைப் பெரிய இரசாயன ஆலைகளில் அமிலத்தாலோ குளோரினாலோ பிரித்துச் சுத்திகரித்த பின்னரே வெண்ணிறத் தைட்டேனியம் ஈரொட்சைட்டு கிடைக்கிறது. சன்ஸ்கிரீனுக்கு என்றால் அதை மிக நுண்ணிய துணிக்கைகளாக்கி, ஒளி பட்டால் அது தோலுக்குத் தீங்கான தாக்கங்களைத் தூண்டாதபடி சிலிக்கா அல்லது அலுமினாவால் மேற்பூச்சும் பூசுகிறார்கள். மணலை அப்படியே அரைத்தால் கிடைப்பது தோலைக் கீறும் கறுப்புத் தூள்தான். அதில் கதிரியக்கமுள்ள தோரியம் கொண்ட மொனசைட்டு என்னும் கனியமும் சிறு அளவில் உண்டு.

சன்ஸ்கிரீனில் சேர்க்கப்படும் இன்னொரு பொருளான நாக ஒட்சைட்டின் சுத்திகரித்த தூளை வாங்கி வீட்டில் கலக்கும் யோசனைக்கும் நான் உடன்படமாட்டேன். கையால் கலக்கும்போது தூள் சிறு கட்டிகளாகத் திரண்டு, தோலில் சில இடங்கள் மறைக்கப்படாமலே போகும். பூச்சு வெயிலை எவ்வளவு தடுக்கும் என்பதைக் காட்டும் எஸ்.பி.எஃப். என்னும் எண், ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் வீதம் மனிதத் தோலில் பூசி ஆய்வுகூடத்தில் அளப்பது; கலந்த பொருட்களைக் கூட்டிப் பார்த்து அதைக் கணக்கிட முடியாது. வெந்த பின்னர்தான் பிழை தெரியவரும் பொருள் இது. எஸ்.பி.எஃப். 30 கொண்ட பூச்சு தோலைச் சுடும் கதிர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 97 பங்கையும், 50 கொண்டது 98 பங்கையும் தடுக்கின்றன. விலையில் பெரிய வேறுபாடு இருந்தால் 30ஐ வாங்கித் தாராளமாகப் பூசுவதே மேல். தேங்காய் எண்ணெய்க்கு வெயிலைத் தடுக்கும் ஆற்றல் மிகச் சொற்பம். கடலுக்குப் போகிறவர்களுக்கு நீண்ட கைச் சட்டையும் அகன்ற தொப்பியும் இவை எல்லாவற்றையும்விட மலிவு.

சொந்தத் தோட்டத்துத் தேங்காய் எண்ணெயில் சவர்க்காரம் செய்ய விருப்பம். கோஸ்டிக் சோடா என்றால் பயமாக இருக்கிறது. அது இல்லாமல் செய்ய முடியாதா?
— வாசகி, தம்பலகாமம்

முடியாது. எண்ணெயும் காரமும் தாக்கமடைந்து உண்டாகும் பொருளே சவர்க்காரம். உருக்கி ஊற்றுவதற்கென்று கடையில் விற்கும் கட்டிகளிலும் அந்த வேலையை வேறொருவர் முன்னரே செய்து முடித்திருக்கிறார். பயம் நல்லதுதான், அது அளவைச் சரியாகப் பார்க்க வைக்கும். 500 கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சவர்க்காரமாக ஏறத்தாழ 91 கிராம் சோடியம் ஐதரொட்சைட்டு, அதாவது கோஸ்டிக் சோடா, வேண்டும். அப்படிச் செய்தால் தோல் மிகவும் வறண்டுவிடும். தேங்காய் எண்ணெயை மாத்திரம் கொண்டு செய்வோர் வழக்கமாக எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு தாக்கமடையாமல் எஞ்சும்படி காரத்தைக் குறைப்பார்கள். அப்போது கணக்கு 73 கிராம். நீர் 170 கிராம் போதும். வேறு எண்ணெய்க்கு வேறு கணக்கு: நல்லெண்ணெய்க்கு இதைவிடக் கணிசமாகக் குறைந்த காரமே வேண்டும் என்பதால், எண்ணெயை மாற்றிவிட்டுப் பழைய அளவையே போட்டால் தோலை எரிக்கும் கட்டிதான் கிடைக்கும்.

நீருக்குள் காரத்தைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். காரத்தின் மேல் நீரை ஊற்றினால் அது கொதித்துத் தெறிக்கும். அலுமினியச் சட்டி கூடவே கூடாது, காரம் அதைத் தின்று ஐதரசன் வாயுவை வெளியிடும். துருப்பிடிக்காத உருக்குப் பாத்திரம், கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி ஆகியவற்றுடன் காற்றோட்டமான இடத்தில், பிள்ளைகள் இல்லாத நேரத்தில் செய்யுங்கள். தோலில் பட்டால் வினாகிரியைத் தேடாமல் ஓடும் நீரில் பதினைந்து நிமிடங்களுக்குக் குறையாமல் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அடைத்த குழாயைத் திறக்க ஹார்ட்வெயாரில் விற்கும் தூள்களில் வேறு பொருட்களும் கலந்திருக்கலாம் என்பதால் தூய கோஸ்டிக் சோடா என்று கேட்டு வாங்குங்கள்.

வெட்டிய கட்டிகளை நான்கு முதல் ஆறு வாரம் காற்றாட வைக்க வேண்டும். வாடைக்காற்று மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாகும். அப்போது உள்ளிருக்கும் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுத்து, கட்டிகளின் மேல் வியர்வைத் துளிகள் நிற்கும். அது பழுதல்ல. உங்களுக்கு ஒரு நன்மையும் உண்டு: மற்ற எண்ணெய்ச் சவர்க்காரங்கள் உவர்நீரில் திரைந்து நுரையாமல் போகும்போது, தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் கடல்நீரிலும் நுரைக்கும். கப்பலில் போனவர்கள் இதையே வைத்திருந்தார்கள்.

கன்னியா வெந்நீரைப் போத்தலில் எடுத்து வந்து முகத்தில் தெளிக்கும் திரவமாகப் பாவிக்கலாமா?
— வாசகர், அன்புவழிபுரம்

அங்கேயே குளித்துவிட்டு வாருங்கள். பலரும் வாளி விட்டு அள்ளும் திறந்த கிணறுகளின் நீர் அது. போத்தலில் அடைத்தால் சூடு போய்விடும், கிருமிகள் தங்கிவிடும்.

சந்தையில் வாங்கிய, பெயர் விவரம் எதுவும் இல்லாத வெள்ளையாக்கும் கிறீமை என் மகள் பூசுகிறாள். இரண்டே வாரத்தில் முகம் வெளுத்தது. இப்போது நிறுத்தினால் சிவந்து பருக்கள் வருகின்றன. அதே கிறீமை வீட்டில் கலந்த எண்ணெயுடன் சேர்த்துப் பூசினால் தீமை குறையுமா, அம்மா?
— தாயார், கிண்ணியா

குறையாது. உங்கள் மகள் இனி அதைத் தொடக் கூடாது. இவ்வளவு விரைவாக வெளுக்க வைக்கும் பெயரற்ற கிறீம்களில் உலகெங்கும் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கப்படுபவை மூன்று: பாதரச உப்புகள், ஐதரோகுயினோன், குளோபெற்றசோல் போன்ற வீரியமான ஸ்டீரொயிட்டுகள். நிறுத்தியதும் சிவப்பும் பருவும் கிளம்புவது ஸ்டீரொயிட்டுக்கான அடையாளம். பாதரசம் தோலின் நிறப்பொருள் உண்டாவதைத் தடுக்கிறது. அதே நேரத்தில் உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. அதைப் பூசியவரின் கையாலும் துவாயாலும் தலையணையாலும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அது பரவும். 2013இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை, பத்து இலட்சத்தில் 1 பங்குக்கு மேல் பாதரசம் கொண்ட அழகுப் பொருட்களின் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2020உடன் நிறுத்தச் சொன்னது. இலங்கையும் அதில் ஒரு தரப்பு. ஆனாலும் இத்தகைய டப்பாக்கள் விற்கப்படுகின்றன. சிட்டையில் ‘கலோமெல்’, ‘மேர்க்கியூரிக்’, ‘மேர்க்கியூரியோ’ என்ற சொற்கள் எந்த மொழியில் இருந்தாலும் வாங்காதீர்கள். சிட்டையே இல்லாததை அறவே வாங்காதீர்கள்.

தோல் மருத்துவரிடம் போகும்போது அந்த டப்பாவை ஒரு பிளாஸ்ரிக் பையில் இறுகக் கட்டிக் கையோடு கொண்டு செல்லுங்கள். எத்தனை மாதம் பூசினாள், கால் அல்லது முகம் வீங்கியதா, சிறுநீர் நுரைத்துப் போகிறதா என்பதையும் சொல்லுங்கள். சிறுநீர்ப் பரிசோதனை தேவையா என்று அவர் தீர்மானிப்பார். ஸ்டீரொயிட்டை நிறுத்தும்போது எழும் அழற்சியை அவர் படிப்படியாகத் தணிப்பார். அதுவரை முகத்தில் பயற்றம் மாவோ மஞ்சளோ வேறு எந்த வீட்டுப் பூச்சோ வேண்டாம். மருத்துவர் பார்த்து முடித்த பின்னும் மீதிக் கிறீமைக் கிணற்றடியில் கழுவி ஊற்றாமல், கட்டிய பையுடனேயே வைத்திருந்து, எங்கே ஒப்படைப்பது என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.